ஒயர்லெஸ் ஹெட்செட்: பாதி உங்கள் காதுக்கு, பாதி எதிர்முனைக் காதுக்கு

நான் முதன்முதலில் வாங்கிய ஒயர்லெஸ் ஹெட்செட்டில் பாட்டு அருமையாக இருந்தது. தபேலாவில் விரல் படுவதுகூடத் தனியாகக் கேட்டது. அரை மணி நேரம் கேட்டு மகிழ்ந்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். "எங்கடா இருக்க, கிணத்துக்குள்ளயா? ஒண்ணும் புரியல, அப்புறம் கூப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

போனைக் காதில் வைத்துப் பேசினால் தெளிவாகக் கேட்கிறது என்றாள். ஹெட்செட்டுக்கு மாறினால் மறுபடியும் கிணறு. பாட்டைப் போட்டால் பழையபடி அருமை. ஏதோ பழுது என்று திருப்பிக் கொடுத்து வேறு ஒன்று வாங்கி வந்தேன். அதே மாடல், அதே கிணறு. அது பழுதே இல்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. பாட்டு கேட்கும்போது ஒலி ஒரு வழியாக வருகிறது, பேசும்போது வேறு வழியாகப் போகிறது. நான் ஒரு வழியை மட்டும் சோதித்துவிட்டு வாங்கியிருந்தேன்.

ஹெட்செட்டில் கேட்கும் பாதியைச் சோதிக்க உங்கள் காது போதும். பேசும் பாதி எப்படி இருக்கிறது என்று எதிர்முனையில் இருப்பவரைக் கேட்டால்தான் தெரியும். புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். அதனால் இந்த வழிகாட்டியில் பேச்சுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: நேற்றைய நாளை எழுதிப் பாருங்கள்

விலைப்பட்டியலைத் திறக்குமுன் ஒரு தாளை எடுத்து, நேற்று முழுக்க போனை எதற்கெல்லாம் பயன்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள். எவ்வளவு நேரம் பேசினீர்கள், எங்கே நின்று பேசினீர்கள், பாட்டு எவ்வளவு, வீடியோ எவ்வளவு, விளையாட்டு உண்டா, போனும் லேப்டாப்பும் ஒரே சமயத்தில் திறந்திருந்தனவா. நினைவை நம்பாதீர்கள், போனின் அழைப்புப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு அழைப்புக்கும் நிமிடக் கணக்கு இருக்கும். "நான் அதிகம் பேசுவதே இல்லை" என்று சொன்ன நண்பர் ஒருவருக்கு ஒரே நாளில் ஒன்றே முக்கால் மணி நேரம் வந்தது.

அடுத்து, அந்தத் தாளில் இருப்பவற்றில் எது முதல், எது இரண்டாவது என்று எண் போடுங்கள். "எல்லாத்துக்கும் ஒண்ணு வேணும்" என்று போனால் எல்லாவற்றிலும் அரைகுறையான ஒன்றுதான் கிடைக்கும். தெருவில் நின்று பேசுகிறவருக்குத் தேவையானது வேறு, இரவில் படுத்துக்கொண்டு படம் பார்க்கிறவருக்குத் தேவையானது வேறு. முதல் இரண்டுக்கு மட்டும் பொருத்தமானதைத் தேடுங்கள். மூன்றாவது நன்றாக அமைந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: எதனோடு சேரப் போகிறது?

இன்றைய ஸ்மார்ட்போன், டேப்லெட், லேப்டாப் எல்லாவற்றிலும் புளூடூத் இருக்கிறது. ஆனால் "புளூடூத் இருக்கிறது" என்பதும் "புளூடூத் ஹெட்செட் வேலை செய்யும்" என்பதும் ஒன்றல்ல. கையடக்க விளையாட்டுக் கருவியான நின்டெண்டோ ஸ்விட்ச் 2017இல் வந்தது. அதில் புளூடூத் வழியாக ஒலி கேட்கும் வசதி 2021 செப்டம்பரில் வந்த அப்டேட்டில்தான் கிடைத்தது. அதுவும் கேட்க மட்டும். புளூடூத் மைக்கை அது ஏற்காது. பிளேஸ்டேஷன் 5இல் புளூடூத் ஹெட்செட்டை நேரடியாகச் சேர்க்கவே முடியாது. இப்படிப்பட்ட கருவி உங்கள் பட்டியலில் இருந்தால், யுஎஸ்பி துளையில் செருகும் சிறு டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட்டுகளைப் பாருங்கள். அவற்றில் ஒலி வந்து சேரும் தாமதமும் குறைவு. ஒரே ஹெட்செட்டில் டாங்கிளும் புளூடூத்தும் இருக்கும் மாடல்களும் உண்டு.

புளூடூத்தே இல்லாத பழைய மியூசிக் பிளேயர் என்றால், 3.5 மி.மீ. துளையில் செருகும் புளூடூத் டிரான்ஸ்மிட்டர் ஒன்று வாங்கினால் போதும். அதில் பாட்டு மட்டும்தான் வரும்.

போன் எது என்பதும் முக்கியம். ஒலியை ஒயர் இல்லாமல் அனுப்ப அதைச் சுருக்கி அனுப்புகிறார்கள். சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எஸ்பிசி என்ற அடிப்படைக் கோடெக் பாட்டு கேட்கும் எல்லா புளூடூத் ஹெட்செட்டிலும் கட்டாயம் இருக்கும். ஏஏசி பெரும்பாலானவற்றில் இருக்கும். எல்டாக், ஆப்ட்எக்ஸ் போன்றவை பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கப்படுபவை. ஐபோன் எல்டாக்கையும் ஏற்காது, ஆப்ட்எக்ஸையும் ஏற்காது. ஆகவே ஐபோன்காரர் அந்த எழுத்துகளுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். ஆண்ட்ராய்டில் எல்டாக் 2017இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆப்ட்எக்ஸ் போனைப் பொறுத்தது. ஹெட்செட்டிலும் போனிலும் ஒரே கோடெக் இருந்தால்தான் அது வேலை செய்யும். இல்லாவிட்டால் இரண்டும் சத்தமில்லாமல் எஸ்பிசிக்கு இறங்கிவிடும், உங்களிடம் சொல்லவும் சொல்லாது.

போன், லேப்டாப் இரண்டையும் ஒரே நேரத்தில் இணைத்து வைக்க விரும்பினால் 'மல்டிபாயின்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். லேப்டாப்பில் கூட்டம் நடக்கும்போது போன் வந்தால் அப்படியே எடுக்கலாம். இதிலும் சில தொந்தரவுகள் உண்டு. லேப்டாப்பில் ஒரு மின்னஞ்சல் வந்து 'டிங்' என்றால் போனில் ஓடும் பாட்டு நின்றுபோகலாம். சில மாடல்களில் மல்டிபாயின்டை இயக்கினால் எல்டாக் அணைந்துவிடும்.

மூன்றாம் படி: பேச்சு போகும் வழி

இப்போது கிணற்றுக்கு வருவோம்.

புளூடூத்தில் பாட்டுக்கு ஏ2டிபி என்றொரு வழி. அது ஒருவழிப் பாதை: போனிலிருந்து காதுக்கு மட்டும். அகலமான பாதை என்பதால் எஸ்பிசியிலேயே நொடிக்கு 328 கிலோபிட் வரை தாராளமாகப் போகும். ஆனால் அதில் மைக்குக்கு இடம் கிடையாது. நீங்கள் போன் பேச ஆரம்பித்தவுடன் ஹெட்செட் எச்எஃப்பி என்ற இன்னொரு வழிக்கு மாறுகிறது. இது இருவழி, ஆனால் சந்து. பேச்சு ஒவ்வொரு திசையிலும் 64 கிலோபிட்டில்தான் போகிறது. பழைய முறையில் ஒலியை நொடிக்கு 8,000 முறைதான் அளந்து அனுப்புவார்கள். அதில் சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி எல்லாம் வெட்டுப்பட்டுவிடும்.

மனிதக் குரலில் 'ஸ', 'ஃப' போன்ற காற்றொலிகள் அந்த வெட்டுப்பட்ட பகுதியில்தான் அதிகம். போனில் பெயரின் எழுத்துகளைச் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்பா?" என்று எதிர்முனையில் திரும்பத் திரும்பக் கேட்பார்களே, அது அவர்கள் காதின் கோளாறு இல்லை. இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒலி வழியிலேயே விழுந்துவிட்டது.

2011 வாக்கில் எச்எஃப்பியின் 1.6 பதிப்பில் இதற்கு ஒரு திருத்தம் வந்தது. எம்எஸ்பிசி என்ற முறையில் 16,000 முறை அளக்கிறார்கள். குரல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. வாங்கும் ஹெட்செட்டின் விவரப் பக்கத்தில் 'எச்டி வாய்ஸ்', 'வைட்பேண்ட்', 'எச்எஃப்பி 1.6' அல்லது அதற்கு மேல் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இன்றைய நல்ல மாடல்களில் இருக்கும். மிக மலிவானவற்றில் சந்தேகம்தான்.

எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்த இரட்டை வழிப் பிரச்சினையைச் சரிசெய்யவும் வழி காட்டுகிறது. எல்சி3 என்ற கோடெக்கை வைத்துப் பேச்சையும் பாட்டையும் நல்ல தரத்தில் அனுப்ப முடியும். போன், ஹெட்செட் இரண்டிலும் அது இருந்தாக வேண்டும். இருந்தால் நல்லது, இல்லை என்பதற்காக ஒரு நல்ல ஹெட்செட்டைத் தள்ள வேண்டாம்.

வழி அகலமாக இருந்தும் மைக் மோசமாக இருந்தால் பயனில்லை. மைக் வாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. காதுக்குள் செருகும் சிறு இயர்பட்களில் மைக் காதருகே இருக்கிறது, வாயோ கன்னத்தைத் தாண்டி முன்னால். உங்கள் குரலும் பின்னால் போகும் பேருந்தின் ஹாரனும் அதற்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்து சேரும். பிறகு மென்பொருள் அதில் குரலைப் பிரித்தெடுக்கப் பாடுபடும். வாய்க்கு முன்னால் நீளும் குச்சி மைக் உள்ள ஹெட்செட்டுக்கு அந்தப் பாடே குறைவு. பார்க்க அழைப்பு மையத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருக்கும், உண்மைதான். ஆனால் நாள் முழுக்கப் பேசுவதுதான் வேலை என்றால், என் கருத்தில், அதற்கு மாற்று இல்லை.

இங்கேயே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். ஏஎன்சி, ஈஎன்சி என்று இரண்டு எழுத்துக் கூட்டங்கள் பெட்டியில் இருக்கும். ஏஎன்சி உங்கள் காதுக்கு வரும் வெளிச்சத்தத்தைக் குறைக்கிறது. விமானத்தின் இரைச்சல், மின்விசிறி, ஏசி போன்ற ஒரே சீரான தடித்த சத்தங்களில் நன்றாக வேலை செய்யும். பக்கத்தில் பேசுபவர் குரலையோ திடீரென்று அடிக்கும் ஹாரனையோ முழுக்க அடக்காது. ஈஎன்சி எதிர்முனையில் இருப்பவருக்கானது. உங்கள் மைக்கில் விழும் சுற்றுச் சத்தத்தைக் குறைக்கிறது. 'சத்தத்தைக் குறைக்கும்' என்று பொதுவாகச் சொல்லி விற்றால், "யாருக்கு?" என்று கேளுங்கள்.

லேப்டாப்பில் கூட்டம் நடத்துபவர்களுக்கு ஒரு வழி உண்டு. விண்டோஸில் ஒரே ஹெட்செட் சில சமயம் 'ஸ்டீரியோ' என்று ஒரு பெயரிலும் 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' என்று இன்னொரு பெயரிலும் தெரியும். முன்னது பாட்டு வழி, பின்னது பேச்சு வழி. கூட்டச் செயலியின் அமைப்புகளில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்து, கேட்பதற்கு மட்டும் ஹெட்செட்டின் ஸ்டீரியோவை வைத்தால் சந்துக்குள் போகாமல் தப்பிக்கலாம். அமைதியான அறை என்றால் இது அருமையாக வேலை செய்யும்.

நான்காம் படி: வடிவம்

ஒற்றைக் காது ஹெட்செட். ஒரு காதில் மாட்டி, இன்னொரு காதைத் திறந்து வைப்பது. பாட்டுக்கு உதவாது. நடந்துகொண்டே பேசுபவர்களுக்கும், கை ஓயாமல் வேலை செய்பவர்களுக்கும் இன்றும் இதுதான் வசதி. இதை இப்போது யாரும் பெரிதாக விளம்பரம் செய்வதில்லை, அவ்வளவுதான்.

நெக்பேண்ட். கழுத்தில் வளையமாகக் கிடக்கும். நாகரிகம் போய்விட்டது என்பார்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு பக்கம் தொலைந்து போகாது, தனிப் பெட்டி சுமக்க வேண்டாம், பட்டன்கள் தடவினாலே கையில் படும், பேட்டரிக்கும் இடம் அதிகம். ஒரே குறை, மைக் கழுத்துப் பட்டையில் இருந்தால் சட்டைக் காலர் உரசும்போது எதிர்முனையில் கரகர என்று கேட்கும். மைக் காதுக்கு வரும் ஒயரில் தொங்குகிற மாடலாகப் பாருங்கள்.

இரட்டை இயர்பட். ஒயர் என்று எதுவுமே இல்லாத, சின்னப் பெட்டியில் வைத்துச் சார்ஜ் செய்கிற வகை. டிடபிள்யூஎஸ் என்று கடைகளில் சொல்வது இதைத்தான். ஆப்பிள் 2016இல் ஐபோன் 7இல் 3.5 மி.மீ. துளையை எடுத்துவிட்டு, அதே ஆண்டு ஏர்பாட்ஸையும் கொண்டுவந்த பிறகு எல்லாரும் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சுமக்க எளிது. ஆனால் ஒவ்வொரு பட்டிலும் பேட்டரி மிகச் சிறியது, பெரும்பாலானவற்றில் அதை மாற்ற முடியாது. தினமும் சார்ஜ் ஏறி இறங்கினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் நேரம் குறைவது தெரியும். ஒன்று தொலைந்தால் தனியாக ஒன்று கிடைக்குமா என்று வாங்குமுன்பே விசாரியுங்கள்.

தலைக்கு மேல் வளைந்து காதை முழுக்க மூடும் வகை. நீண்ட நேரம் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு இதுவே சுகம். பேட்டரி 30 மணி நேரத்துக்கு மேல் ஓடும் மாடல்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. வியர்க்கும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிவிடுவதால் பாஸ் (தடித்த அடி ஒலி) ஒழுகிப் போகும், அரை மணியில் காதுக்கு மேல் வலிக்கவும் செய்யும். காதின் மேல் உட்காரும் சின்ன மெத்தை வகையை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் காது மடல் சிவந்துவிடும்.

காதைத் திறந்து வைக்கும் வகை, எலும்பு வழி ஒலி கடத்தும் வகை. தெருவில் ஓடுபவர்களுக்கும் வண்டிச் சத்தம் கேட்டாக வேண்டியவர்களுக்கும் ஏற்றது. பாஸ் எதிர்பார்க்காதீர்கள்.

ஐந்தாம் படி: பாட்டும் படமும் விளையாட்டும்

பாட்டின் தரத்தைப் பற்றி நீளமாகப் பேச நிறைய பேர் இருக்கிறார்கள். என் அனுபவத்தில், காதில் சரியாக உட்காராத எல்டாக் இயர்பட்டைவிட, நன்றாக உட்கார்ந்த சாதாரண ஏஏசி இயர்பட் நன்றாகக் கேட்கும். எல்டாக் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் என்பது சரிதான். ஆனால் கூட்டமான இடத்தில் அந்த வேகம் நிற்காமல் பாட்டு விட்டுவிட்டு வரலாம். அப்போது அமைப்புகளில் ஒரு படி இறக்கிக்கொள்ள வேண்டும்.

தாமதம் என்பது இன்னொரு விஷயம். சுருக்கி, அனுப்பி, விரிக்க நேரம் ஆகிறது. சாதாரண எஸ்பிசியில் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடும். படம் பார்க்கும்போது பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் வீடியோ செயலிகள் படத்தையும் அதே அளவு பிந்த வைத்துவிடுகின்றன. விளையாட்டில் அப்படிச் செய்ய முடியாது. விரல் திரையைத் தொட்டு, துப்பாக்கி வெடித்து, எதிரி விழுந்த பிறகு 'டப்' என்று சத்தம் வரும். கீபோர்டு செயலியில் வாசித்துப் பழகுபவர்களுக்கு இது கொடுமை. விளையாட்டு உங்கள் தாளில் முதல் எண் என்றால் 'கேமிங் மோடு' அல்லது 'லோ லேட்டன்சி' உள்ளதைப் பாருங்கள். தீவிரமாக விளையாடுபவர் என்றால் டாங்கிள் வகைக்கே போய்விடுங்கள்.

ஆறாம் படி: பெட்டியில் உள்ள எண்கள்

புளூடூத் 5.0, 5.3 என்று போட்டிருப்பார்கள். இந்த எண் கூடினால் ஒலி கூடும் என்று பொருள் இல்லை. 5ஆம் பதிப்பு வந்தபோது 'நான்கு மடங்கு தூரம்' என்று பேசப்பட்டது குறைந்த மின்சக்தி முறைக்கு. பாட்டு வரும் பழைய வழிக்கு அது பொருந்தாது. 5.2இலிருந்து எல்இ ஆடியோவுக்கு இடம் உண்டு, ஆனால் கட்டாயம் இல்லை. ஆக 5.3 என்று போட்ட ஹெட்செட்டில் எல்இ ஆடியோ இல்லாமலும் இருக்கலாம். ஹெட்செட்டும் போனும் வேறு வேறு பதிப்பாக இருந்தாலும் சேரும் என்பதால், பழைய போன்காரர்கள் கவலைப்பட வேண்டாம்.

இடையில் ஒரு விஷயம். புளூடூத் என்ற பெயர் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயரிலிருந்து வந்தது. நீலப்பல் என்று பொருள். சின்னத்தில் நீங்கள் பார்ப்பது அவருடைய பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் பழைய ரூனிக் லிபியில் ஒட்டி வரைந்தது. இதைத் தெரிந்துகொண்டால் ஹெட்செட் வாங்க ஒன்றும் உதவாது.

'10 மி.மீ. டிரைவர்', '13 மி.மீ. டிரைவர்': உள்ளே இருக்கும் ஒலிபெருக்கியின் குறுக்களவு. பெரியதெல்லாம் நல்லது என்றில்லை. கடந்துவிடுங்கள்.

'10 மீட்டர்': நடுவில் சுவர் இல்லாத திறந்த வெளிக் கணக்கு. புளூடூத்தும் பயன்படுத்துகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நன்றாக விழுங்கும், மனித உடம்போ பெரும்பாலும் நீர். வலப்பக்கப் பின் பாக்கெட்டில் போன், இடக் காதில் ஒற்றை ஹெட்செட் என்றால் திறந்த வெளியில்கூட விட்டுவிட்டு வரும். போனை அதே பக்கம் மேல் பாக்கெட்டுக்கு மாற்றிப் பாருங்கள், பாதிப் புகார் தீர்ந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் பல வைஃபை கருவிகளும் இதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. சமையலறையில் மட்டும் கரகரத்தால் ஹெட்செட்டைத் திட்ட வேண்டாம்.

'40 மணி நேரம்': இயர்பட் என்றால் இது பெட்டியையும் சேர்த்த கணக்கு. ஒரு முறை காதில் மாட்டினால் எத்தனை மணி என்பதைத் தனியாகத் தேடுங்கள். அந்த எண்ணும் பெரும்பாலும் பாதி ஒலியில், ஏஎன்சி அணைத்து எடுத்ததாக இருக்கும். பேசும் நேரம் அதைவிடக் குறைவு. உங்களுக்கு 4 மணி நேரம் தேவை என்றால் 6 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். பத்து நிமிடம் சார்ஜ் போட்டால் எவ்வளவு ஓடும் என்பதும் பார்க்கத் தக்கது.

'ஐபிஎக்ஸ்4': எத்திசையிலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். வியர்வைக்கும் தூறலுக்கும் போதும். 'ஐபிஎக்ஸ்7' என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். எக்ஸ் இருக்கும் இடம் தூசுக்கானது. எக்ஸ் போட்டிருந்தால் தூசுக்குச் சோதிக்கவில்லை என்று பொருள். இந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, சோப்புத் தண்ணீரும் கடல் நீரும் கணக்கில் இல்லை. இயர்பட்டுக்கு உள்ள பாதுகாப்பு அதன் பெட்டிக்குப் பல சமயம் இருக்காது. நனைந்த பட்டைத் துடைக்காமல் பெட்டிக்குள் வைத்துத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஏழாம் படி: மாட்டிப் பாருங்கள், கூப்பிட்டுப் பாருங்கள்

காதுக்குள் செருகும் வகை என்றால் கூடவே சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ரப்பர் மூடிகள் வரும். முதலில் மாட்டியிருப்பதையே எல்லாரும் கடைசி வரை வைத்துக்கொள்கிறார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். பலருக்கு வலக்காதும் இடக்காதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்றுக்கு நடுத்தரம், ஒன்றுக்குச் சிறியது என்று போடுவதில் தவறில்லை. சரியாக அடைத்திருந்தால் மாட்டிய கணமே வெளிச்சத்தம் ஒரு படி இறங்கும், பாஸ் நிறைவாகக் கேட்கும். பாஸே இல்லை என்று தோன்றினால் ஹெட்செட்டைக் குறை சொல்லுமுன் ரப்பரை மாற்றுங்கள். தலையை இரு பக்கமும் ஆட்டுங்கள், ஏதாவது மெல்லுவது போல் தாடையை அசைத்துப் பாருங்கள். இதிலேயே நழுவினால் பேருந்தில் நிச்சயம் விழும்.

காதை நன்றாக அடைத்துக்கொண்டு பேசும்போது உங்கள் குரல் உங்களுக்கே மண்டைக்குள் முழங்கும், வெளியே எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரியாமல் கத்துவோம். சில மாடல்களில் உங்கள் குரலை உங்களுக்கே மெல்லக் கேட்கவிடும் வசதி உண்டு. நிறையப் பேசுபவர்கள் அதைத் தேடி வாங்கலாம்.

பேச்சுச் சோதனைக்கு ஒரு ஆள் தேவை. முகத்துக்கு நேராகக் குறை சொல்லத் தயங்காத ஆளாக இருக்கட்டும். எனக்கு அக்கா இருக்கிறாள். அந்த ஆளை, ஸ்பீக்கரில் போடாமல் போனைக் காதில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். முதலில் மூடிய அறையில், அடுத்து மின்விசிறிக்குக் கீழே, அப்புறம் வாகனங்கள் போகும் தெருவோரம், கடைசியாகக் காற்றுக்கு எதிராக நடந்துகொண்டு. "கேக்குதா?" என்று கேட்டால் "கேக்குது" என்றுதான் பதில் வரும், அதனால் ஒன்றும் தெரியாது. ஏழெட்டு இலக்க எண் ஒன்றையும், எஸ், எஃப் கலந்த நான்கைந்து எழுத்துகளையும் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தெருவோரத்தில் ஒரே தடவையில் சரியாகத் திரும்பி வந்தால் அந்த மைக் தேறிவிட்டது.

குரல் பதிவுச் செயலியில் பதிந்து பார்ப்பது சுலபம் போலத் தோன்றும். நம்ப வேண்டாம். பல செயலிகள் ஹெட்செட் இணைந்திருந்தாலும் போனின் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும். நீங்கள் கேட்டு வியப்பது போனின் குரலாக இருக்கும்.

திருப்பிக் கொடுக்கக் கால அவகாசம் உண்டா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். காதுக்குள் போகும் பொருள் என்பதால் பிரித்துவிட்டால் வாங்க மறுக்கும் இடங்களும் உண்டு. அவகாசம் இருக்கும் நாட்களுக்குள் இந்தச் சோதனைகளை முடித்துவிடுங்கள்.

எட்டாம் படி: முதல் நாள்

முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள். பிறகு ஹெட்செட்டை 'பேரிங்' நிலைக்கு, அதாவது போனோடு சேரத் தயாராக இருக்கும் நிலைக்கு, கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் முதன்மைப் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் விளக்கு வேகமாக மின்னும். இயர்பட்டில் பெட்டியைத் திறந்தாலே போதும் அல்லது பெட்டியில் ஒரு பட்டன் இருக்கும். போனின் புளூடூத் பட்டியலில் பெயர் வந்ததும் தொடுங்கள். மிகப் பழைய ஹெட்செட்டைச் சேர்க்கும்போது ரகசிய எண் கேட்டால் 0000 என்று கொடுத்துப் பாருங்கள்.

பட்டியலில் பெயரே வரவில்லையா? நூற்றுக்குப் பாதி, அது ஏற்கெனவே வேறு ஒரு சாதனத்தோடு சேர்ந்துகொண்டிருக்கும். அடுத்த அறையில் கிடக்கும் டேப்லெட்டில் புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

பாட்டு வருகிறது, பேச்சு மட்டும் போனிலேயே கேட்கிறது என்றால், ஆண்ட்ராய்டில் ஹெட்செட்டின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரக் குறியைத் தொடுங்கள். 'போன் கால்ஸ்', 'மீடியா ஆடியோ' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். நாம் மூன்றாம் படியில் பார்த்த இரண்டு வழிகள்தான் இவை. எது அணைந்திருக்கிறதோ அதை இயக்குங்கள்.

ஒலி அளவை முதல் நாளிலேயே பழக்கப்படுத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. குழந்தைகளுக்கு எல்லை 75 டெசிபல். வெளிச்சத்தம் அதிகமான இடத்தில்தான் கை தானாக ஒலியைக் கூட்டும். ஏஎன்சியின் பெரிய நன்மை எனக்குத் தெரிந்து இதுதான்: சுற்றுச் சத்தம் இறங்குவதால் பாட்டையும் இறக்கி வைத்துக் கேட்க முடிகிறது.

சில மாதம் கழித்து ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால், பழுது என்று முடிவு கட்டுமுன் ரப்பரைக் கழற்றி வலையைப் பாருங்கள். காதழுக்கு அடைத்திருக்கும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பல் துலக்கியால் தட்டிவிடுங்கள். ஊசி வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒரு பட் மட்டும் சார்ஜ் ஏறவில்லை என்றால் பட்டின் அடியிலும் பெட்டிக் குழியிலும் உள்ள உலோகப் புள்ளிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வை படிந்து அங்கே ஒரு மங்கல் இருக்கும். துடைத்துத் திரும்ப வைத்தால் விளக்கு எரியும்.